கோட்டிங் சார்

"சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நம் முகத்தையே உற்றுப் பார்க்கிற ஆட்கள் உண்டு. இளைத்துவிட்டோமோ, கறுத்துவிட்டோமோ என்று நமக்கு வயிற்றைக் கலக்கும். கொஞ்ச நேரம் கழித்து அவர் வாயைத் திறப்பார். "லெஃப்ட் லென்ஸ்ல கட்டைவிரல் ரேகை. எண்ணெய் ரேகை. காலையில தலைக்குத் தேங்காயெண்ணெய் வச்சுட்டுக் கைய கழுவாம கண்ணாடியத் தொட்டிருக்கீங்க." அத்தோடு குசல விசாரிப்பு முடிந்தது.

பல்லாவரத்திலிருந்து பம்மல் வழியாகத் திருநீர்மலைக்கு வருகிற வழியெங்கும் இந்த ரகம் தெருவுக்கு ஒருவர் தேறுவார். திருநீர்மலை பேரூராட்சியாக இருந்தபோதும் இருந்தார், 2021-ல் தாம்பரம் மாநகராட்சிக்குள் போன பிறகும் இருக்கிறார். வயது அறுபதை ஒட்டி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அல்லது ஓய்வு கொடுக்கப்பட்டவர். தெரு அவருக்கு வைத்திருக்கும் பெயர் கோட்டிங் சார். அது அவர் காதுக்கும் போயிருக்கிறது. கோபப்பட்டதாகத் தகவல் இல்லை.

இத்தனைக்கும் அவருக்குப் பெரிய பவர் கிடையாது. வெறும் வெள்ளெழுத்து, பேப்பர் படிக்க மட்டும். ஆனால் சட்டைப் பையைப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் பையில் பேனா, பஸ் டிக்கெட், மடித்த மருந்துச் சீட்டு. இவர் பையில் ஜிப் வைத்த சின்ன பிளாஸ்டிக் உறை, அதற்குள் நாலாக மடித்த மைக்ரோஃபைபர் துணி, அதற்குப் பக்கத்தில் கொரோனா காலத்து சானிடைசர் பாட்டில். சானிடைசரைக் கொட்டிவிட்டு, பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டு விட்டுத் தண்ணீர் கலந்து வைத்திருப்பார். துணிக்கு உறை எதற்கு என்று கேட்டுவிடாதீர்கள். "துணியில தூசி ஒட்டினா அது துணி இல்ல, உப்புத்தாள்" என்று தொடங்கி அரை மணி நேரம் ஓடும்.

திருநீர்மலை நூற்றெட்டுத் திவ்யதேசங்களில் ஒன்று. நின்ற, இருந்த, கிடந்த, நடந்த என்று நான்கு கோலங்களிலும் பெருமாளை ஒரே தலத்தில் சேவிக்கலாம். கோட்டிங் சார் இதையும் தன் துறைக்கு இழுத்துக்கொண்டார். பக்தர்கள் கண்ணாடியைக் கெடுப்பதும் நான்கு கோலத்தில்தானாம்: நின்றபடி சட்டை நுனியில் துடைப்பது, இருந்தபடி துண்டில் துடைப்பது, கிடந்தபடி தலையணையில் கண்ணாடியோடு புரள்வது, நடந்தபடி வாயால் ஊதி முந்தானையில் தேய்ப்பது. சனிக்கிழமை காலையில் மலைப்படி ஏறுகிறவர்கள் பாதி வழியில் மூச்சு வாங்க நின்று வேர்வையைத் துடைப்பார்கள். அதே துண்டால் கண்ணாடியையும் துடைப்பார்கள். கோட்டிங் சார் அந்த இடத்தில்தான் நிற்பார். சாமி கும்பிட வந்தவரா, சோதனைச்சாவடி போட வந்தவரா என்று சந்தேகம் வரும்.

அவர் சொல்வதில் தப்பு கண்டுபிடிக்க முடியாது. எரிச்சலே அதுதான். பல்லாவரம் வட்டாரத்துக் கல்லின் கதையை அவர் வாயால் கேட்க வேண்டும். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் சமாதிக்கு வைத்த கல் இந்தப் பக்கத்திலிருந்து போனது. நிலவியல் துறையில் இருந்த தாமஸ் ஹாலண்ட் 1893-ல் அந்தச் சமாதிக்காரர் பெயரையே கல்லுக்கு வைத்து சார்னோக்கைட் என்றார். "பேர் கல்கத்தாக்காரனுக்கு, தூசி நமக்கு" என்பார் கோட்டிங் சார். அந்தக் கல்லில் குவார்ட்ஸ் இருக்கிறது. குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறும். பிளாஸ்டிக் லென்ஸ் எம்மாத்திரம்? குவாரி, கிரஷர், லாரி என்று பல வருஷம் புழுதியிலேயே வாழ்ந்த வட்டாரத்தில் உலர்ந்த லென்ஸை உலர்ந்த துணியால் துடைக்கிறவன் தன் காசுக்குத் தானே கோடு போடுகிறான். முதலில் தண்ணீர், அப்புறம்தான் விரல். ஒரு சொட்டு சோப்புத் திரவத்தை விரல் நுனியில் எடுத்து இரண்டு பக்கமும் தடவி, நோஸ்பேடு இடுக்கையும் விடாமல் கழுவி, உதறி, கடைசியில்தான் துணி. இதற்கு எழும்பூர் கண் ஆஸ்பத்திரியையும் சாட்சிக்கு இழுப்பார். அது தொடங்கியது 1819-ல். லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்தபடி உலகத்திலேயே பழையது என்பார்கள். "இருநூறு வருஷமா கண்ணுக்கு ஆஸ்பத்திரி வச்சிருக்கிற ஊரு சார் இது. இன்னும் பனியன்ல துடைக்கிறான்."

கோட்டிங் என்றால் என்ன என்று பெண்களுக்கு விளக்க அவர் ஒரு வழி வைத்திருக்கிறார். "உங்க வீட்டு நான்-ஸ்டிக் தோசைக்கல் மாதிரிம்மா. மேல இருக்கிறதும் கிட்டத்தட்ட அதே குடும்பத்துச் சரக்குதான், ஃப்ளோரின் சேர்ந்தது. எண்ணெயும் தண்ணியும் ஒட்டாம வழுக்கணும்னு பூசினது. அதுல போய்க் கம்பி நார் போடுவீங்களா?" அதற்குக் கீழே ஒளி திரும்பாமல் தடுக்கும் அடுக்குகள், அதாவது ஏஆர்சி, அதற்கும் கீழே ஹார்டு கோட். எல்லாம் சேர்ந்தும் தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்குதான். இதில் ஏஆர்சி, 1935-ல் ஜெர்மனியின் யெனாவில் ஸைஸ் கம்பெனியின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா கண்டுபிடித்த வித்தை. அந்தப் பெயரை ஆழ்வார் பெயர் மாதிரி பக்தியோடு சொல்வார். கோட்டிங் இல்லாத சாதா பிளாஸ்டிக் லென்ஸில் நூற்றுக்கு எட்டுப் பங்கு வெளிச்சம் உள்ளே வராமல் திரும்பிவிடும். லென்ஸ் மெலிய மெலிய, அதாவது 1.67 மாதிரி ஒளிவிலகல் எண் ஏற ஏற, அது பன்னிரண்டு வரைக்கும் போகும். மெலிசு லென்ஸுக்குக் காசு கொடுத்துவிட்டு கோட்டிங் வேண்டாம் என்கிறவர்களை அவர் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கோட்டிங்கின் மற்ற எதிரிகளின் பட்டியலும் நீளம். ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கிற, அமோனியா கலந்த திரவம், வினிகர், பற்பசை, டிஷ்யூ பேப்பர். வெள்ளிக் குத்துவிளக்கு பளபளக்கிறது என்று விபூதி போட்டுத் தேய்த்த ஒரு பெரியவரின் லென்ஸைப் பற்றி இன்றைக்கும் குரல் தழுதழுக்கப் பேசுவார்.

வெயிலும் எதிரிதான். லென்ஸ் சூட்டில் விரியும், மேலே பூசியது அந்த அளவுக்கு விரியாது. இழுபறியில் கோட்டிங் நுணுக்கமாக வெடித்துவிடும். அப்புறம் எந்தத் துணியாலும் சரிசெய்ய முடியாது. சித்திரை மாத மதியத்தில் கோயில் வாசலில் நிறுத்திய கார்களின் முன்கண்ணாடி வழியாக அவர் எட்டி எட்டிப் பார்ப்பது இதனால்தான். டேஷ்போர்டில் யாராவது கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தால் வண்டிக்காரர் வரும் வரை அங்கேயே காவல் நிற்பார். டிரைவர்கள் அவரைத் திருடன் என்று நினைத்துச் சட்டையைப் பிடித்த சம்பவங்கள் உண்டு. "ஏன்யா வண்டிக்குள்ள பாக்குற?" என்றால், "அந்த ஏஆர்சி வேகுதுப்பா" என்பார். இந்தப் பதில் அவரைக் காப்பாற்றியதாகத் தெரியவில்லை.

வீட்டுக்குள் நிலவரம் வேறு. முதல் தகராறு தண்ணீர். திருமங்கையாழ்வார் இந்த ஊருக்கு வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளம் நின்றதால் வடியும் வரை மாதக்கணக்கில் காத்திருந்தார் என்பது தலபுராணம். அதே ஊரில் இப்போது தண்ணீர் கேனில் வருகிறது. போர் தண்ணீர் கடினம், காய்ந்தால் லென்ஸில் வெள்ளை வெள்ளையாக உப்புப் புள்ளி. அதனால் கோட்டிங் சார் கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர்தான் எடுப்பார். "குடிக்கிற தண்ணியில கண்ணாடிக்கு அபிஷேகம் பண்றாரு" என்று அவர் மனைவி எதிர்வீட்டுக்கு ஒலிபரப்புவார். அந்த அம்மாள் போட்டிருப்பது கோட்டிங் எதுவும் இல்லாத பழைய கிளாஸ் லென்ஸ். வடை சட்டி ஆவி, சாம்பார் ஆவி, மஞ்சள் விரல் எல்லாம் பட்டது. முந்தானையால் ஒரு இழுப்பு, வேலை முடிந்தது.

"உனக்கு அதுல என்னதான் தெரியுது?"

"எல்லாம் தெரியுதுங்க. உங்களையும் சேர்த்து."

பேச்சு அதற்கு மேல் வளர்ந்ததில்லை.

இவ்வளவு தொந்தரவு பண்ணியும் தெரு அவரைச் சகித்துக்கொள்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கண்ணாடி வாங்கப் போகும்போது, நகை வாங்க மாமியைக் கூட்டிப் போகிற மாதிரி, அவரைக் கூட்டிப் போவார்கள். கண்ணாடிக் கடையில் யாரும் எதையும் விளக்குவதில்லை. ஒரு அட்டையை நீட்டி, இது இவ்வளவு, இது அதைவிட நல்லது, இது இன்னும் நல்லது என்று விரலைக் கீழே இறக்கிக்கொண்டே போவார்கள். விலை ஏறிக்கொண்டே போகும். காய்கறிக்காரர்கூட கத்தரிக்காயைப் பற்றி இதைவிட அதிகம் சொல்வார்.

ஒருமுறை அப்படிப் போனபோது, கல்லூரி போகும் ஒரு பெண்ணுக்குப் பவர் மைனஸ் இரண்டேகால். விற்பனைப் பையன் விரலை நேராக 1.67-ல் வைத்தான்.

"தம்பி, ரெண்டேகாலுக்கு 1.67 எதுக்கு? எவ்ளோ மெலியும்?"

"நல்லா திக்னஸ் குறையும் சார்."

"பிரேமைச் சின்னதா எடுத்தா அதுவே குறையும். சாதா ஃபைபர் போடு, சிஆர்-39. அது என்னான்னு தெரியுமா? அமெரிக்காவுல 39-வதா பண்ணிப் பாத்த கலவை. ரெண்டாவது உலக யுத்தத்துல குண்டு போடுற விமானத்துக்கு பெட்ரோல் டேங்க் செய்ய உபயோகப்படுத்தினான். யுத்தம் முடிஞ்சதும் 1947-ல லென்ஸா வந்துச்சு. கிளாஸ்ல பாதி எடைதான். பார்வையில கிளாஸுக்குக் குறைஞ்சதில்ல."

பையன் அடுத்த விரலை வைத்தான். பாலிகார்பனேட். அங்கே கோட்டிங் சார் கொஞ்சம் இறங்கி வந்தார். பாலி உடையாது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும், பந்து விளையாடுகிறவனுக்கும், பைக்கில் போகிறவனுக்கும் அதுதான். ஆனால் நிறங்களைப் பிரிய விடாமல் காட்டும் அபே எண் சிஆர்-39-க்கு 58, பாலிக்கு 30. ஓரத்தால் டியூப் லைட்டைப் பார்த்தால் சிலருக்கு நீலக்கரை, ஆரஞ்சுக்கரை தெரியும். சி.டி. தட்டு செய்த அதே பொருள் என்பதால் கீறலும் சுலபம், ஹார்டு கோட் இல்லாமல் தொடவே கூடாது. நாலு பவரைத் தாண்டினால் 1.60 யோசிக்கலாம், ஆறைத் தாண்டினால் 1.67. கம்பி இல்லாத ரிம்லெஸ் வேண்டுமென்றால் துளை போடும் இடத்தில் சிஆர்-39 விரிசல் விடும், ட்ரைவெக்ஸ் தாங்கும். இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் கடையில் இருந்த மற்ற மூன்று பேர் தங்கள் சீட்டை அவர் பக்கம் நீட்டிவிட்டார்கள்.

கடைசி ஆயுதமாகப் பையன் ஒரு டார்ச்சை எடுத்தான். நீல லேசர். சாதா லென்ஸ் வழியே அடித்தால் அட்டையில் புள்ளி விழுந்தது, நீல வெளிச்சத்தைத் தடுப்பதாகச் சொல்லி விற்கும் ப்ளூ கட் லென்ஸ் வழியே அடித்தால் விழவில்லை. பெண் அசந்துபோனாள்.

"தம்பி, இந்த டார்ச் ஊதா. 405 நானோமீட்டர் பக்கம். போன்ல வர்ற நீலம் 450 பக்கம். இத நிறுத்தினா அது நின்னுடுமா? பொண்ணு போனை எடும்மா, அந்த லென்ஸ் வழியா ஒரு நீலப் படத்தைப் பாரு. நீலம் நீலமாத்தானே தெரியுது? 2023-ல, மருத்துவ ஆய்வுகளத் தொகுக்குற காக்ரன்காரங்க 17 ஆய்வைச் சேத்து வச்சுப் பாத்தாங்க. கண் சோர்வு குறையுறதுக்கு இதுல பெருசா ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. அந்தக் காசுக்கு நல்ல ஏஆர்சி போடு."

கடை முதலாளி எழுந்து வந்தார். "சாருக்கு டீ சொல்லுடா" என்றார். தென்சென்னையில் ஒருவரைக் கடையிலிருந்து கிளப்புவதற்கு இதைவிட மரியாதையான வழி கிடையாது.

ஆனால் அவருடைய ஆட்சி நிஜமாக நடக்கிற இடம் கல்யாணம். சினிமாக் கல்யாணத்துக்கும் நிஜக் கல்யாணத்துக்கும் பேர்போன ஊர் திருநீர்மலை. முகூர்த்த நாளில் எந்த மண்டபத்தில் நுழைந்தாலும் வாசலில் பன்னீர்ச் செம்போடு ஒரு பெண் நிற்பாள். வருகிறவர்கள் முகத்தில் ஒரு உதறு உதறுவாள். நமக்கு அது வரவேற்பு, கோட்டிங் சாருக்கு அது தாக்குதல். உள்ளே ஹோமப் புகை, நெய்ப் பிசுக்கு, சந்தனக் கை, மஞ்சள் அட்சதை. முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளையின் லென்ஸைப் பார்த்தால் அது பார்க்கிற சாதனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அப்படி ஒரு முகூர்த்தத்தில், வீடியோக்காரர் விளக்கைப் போட்டதும் மாப்பிள்ளையின் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளைச் சதுரம்.

"சார், கண்ணாடியக் கழட்டுங்க."

"கழட்டினா தாலி கட்டுற இடம் தெரியாது அண்ணா."

சாஸ்திரிகள் பஞ்சபாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு கோட்டிங் சார் மணையருகே வந்துவிட்டார். பாட்டிலைப் பீய்ச்சி, விரலால் தடவி, உத்தரணியில் தண்ணீர் வாங்கி அலசி, துணியால் ஒற்றி எடுத்துக் காட்டினார். வெள்ளைச் சதுரம் மறைந்து மெல்லிய பச்சை தெரிந்தது. "ஏஆர்சி போட்டுத்தான் இருக்கு. நெய் மறைச்சிருந்துது" என்று சபைக்கு அறிவித்தார். கெட்டிமேளம் கொட்டினார்கள். அது தாலிக்குத்தான், ஆனால் அவர் தலையசைத்து ஏற்றுக்கொண்டார்.

அன்றைக்குப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் வரிசையாகக் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார்கள். பெண்ணின் அப்பா நெகிழ்ந்துபோய், இரண்டாவது பெண் கல்யாணத்துக்கு யோசனை கேட்டார். கோட்டிங் சார் தயாராக இருந்தார்: தாம்பூலப் பையில் தேங்காயோடு ஆளுக்கொரு மைக்ரோஃபைபர் துணி. நல்ல துணியாக அவரே பாரிமுனை வரை போய் மொத்தமாக வாங்கி வந்தார். ஃபேப்ரிக் கண்டிஷனர் போட்டுத் துவைக்கக் கூடாது என்று ஒரு சீட்டும் அச்சடித்து உள்ளே வைத்தார்.

இரண்டாவது பெண் கல்யாணம் ஆன மறுவாரத்திலிருந்து தெருவில் பைக்குகள் பளபளக்கின்றன. ஒருவர் சீட்டைத் துடைக்கிறார், ஒருவர் டேங்கைத் துடைக்கிறார், மாடி வீட்டுப் பையன் கிரிக்கெட் மட்டையைத் துடைக்கிறான். கோட்டிங் சார் தினமும் காலையில் அந்த வழியாகத்தான் பால் வாங்கப் போகிறார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் அந்தத் துணியில் ஒன்று அவர் வீட்டு கேஸ் அடுப்பின் மேல், மஞ்சள் கறையோடு, காய்ந்துகொண்டிருக்கிறது.