எட்டில் ஒன்று

கேள்வி: புத்தகத்தில் 'கிரவுன் 1/8' என்று அச்சிடுகிறார்களே, முழு விலையை வாங்கிக்கொண்டு எட்டில் ஒரு பங்கைத்தான் கொடுக்கிறார்களா?

பதில்: அஞ்ச வேண்டாம், எட்டுப் பங்கும் தங்கள் கையிலேயே இருக்கின்றன. 20 அங்குல நீளமும் 15 அங்குல அகலமும் உடைய கிரவுன் தாளை ஒரு முறை மடித்தால் 2 ஏடுகளும், மறுமுறை மடித்தால் 4 ஏடுகளும், மூன்றாம் முறை மடித்தால் 8 ஏடுகளுமாகி, இரு புறத்தையும் எண்ண 16 பக்கங்கள் கொண்ட ஒரு பாரம் உருவாகிறது. பாரங்களை அடுக்கி, ஒவ்வொன்றின் நடுமடிப்பிலும் ஊசியை நுழைத்து, அடுத்த பாரத்தோடு நூலால் பிணைத்துக் கட்டிய புத்தகம் விரித்த இடத்தில் படிந்து கிடக்கும். ஓரத்தில் துளையிட்டுத் தைத்ததோ கையை எடுத்ததும் மூடிக்கொள்ளும். படிக்கிற புத்தகத்திலாவது இதைச் சகித்துக்கொள்ளலாம்; எழுதுவதற்கென்றே கட்டுகிற நாட்குறிப்பை ஓரத்தில் தைப்பது அநியாயம் என்பது என் திடமான அபிப்பிராயம். தாமே கட்டிக்கொள்ள விரும்புவோர் இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும்: மரத்தைப் போலவே தாளுக்கும் இழையோட்டம் உண்டாகையால், அது புத்தகத்தின் முதுகுக்கு இணையாக மேலிருந்து கீழே ஓடும்படி மடிக்காவிட்டால், பசையின் ஈரம் பட்ட மாத்திரத்தில் ஏடுகள் நெளிந்துபோகும்.