வித்அவுட் காபியும் நாலு தவணைச் சோறும்

வளர்ந்த ஆள் ஒருவரின் உடம்பில் ஓடும் ரத்தம் சுமார் 5 லிட்டர். எல்லாம் ஒழுங்காக இருக்கும் ஒரு காலை வேளையில் அதில் கரைந்திருக்கும் சர்க்கரை 5 கிராமுக்குள் அடங்கிவிடும். அதாவது ஒரு தேக்கரண்டி. வெறும் வயிற்றில் டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இரண்டு முறை காட்டினால் சர்க்கரை நோய் என்று சீட்டு எழுதிவிடுகிறார்கள். கணக்குப் போட்டால் அது ஒன்றேகால் தேக்கரண்டி. கூடுதலாக வந்து உட்கார்ந்துகொண்ட அந்தக் கால் தேக்கரண்டியைக் கிளப்பத்தான் மாத்திரை, நடை, ரத்தப் பரிசோதனை, மனைவியின் கண்காணிப்பு, மைத்துனரின் ஆலோசனை எல்லாம்.

சாப்பிட்ட மாவுச்சத்து செரித்துக் குளுக்கோஸாகி ரத்தத்தில் சேரும். கணையம் இன்சுலினைச் சுரந்து அந்தக் குளுக்கோஸைத் தசைக்கும் கல்லீரலுக்கும் அனுப்பிவைக்கும். இரண்டாம் வகை சர்க்கரை நோயில் இன்சுலின் சொல்வதை உடம்பு காதில் போட்டுக்கொள்வதில்லை. கத்திக் கத்தி நாளடைவில் கணையமும் ஓய்ந்துபோகிறது. முதல் வகையில் இன்சுலினே அநேகமாக இருக்காது; அது வேறு கதை, ஊசி இல்லாமல் நடக்காது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் கணக்கெடுப்பு நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், இன்னும் 13.6 கோடிப் பேர் வாசற்படியில் நிற்பதாகவும் மதிப்பிட்டது. எனவே கீழே வரும் சர்க்கரைக்காரர் தனி ஒருவரைக் குறிப்பவர் அல்லர். யாருக்காவது தம்மைப் பற்றி எழுதியதுபோலத் தோன்றினால், அவருக்குத் துணைக்குப் பத்துக் கோடிப் பேர் இருக்கிறார்கள்.

நோய் தெரிந்த அன்றே தமிழ் வீட்டில் தண்டிக்கப்படுவது காபிச் சர்க்கரை. விசாரணை கிடையாது, அன்று மாலையே நாடுகடத்தல். மறுநாள் ஓட்டலில் "ஒரு வித்அவுட்" என்று சொல்லும்போது சர்க்கரைக்காரரின் குரலில் சந்நியாசம் வாங்கியவரின் சாந்தம் தெரியும். அந்தக் காபிக்கு முன்னால் இரண்டு இட்லி, ஒரு பொங்கல், ஒரு ரவா தோசை உள்ளே போயிருக்கும். அவை இனிப்பதில்லை என்பதால் வழக்கில் சேர்க்கப்படவில்லை.

உண்மையில் முதல் பிரதிவாதி சோறுதான். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை 5 கிராம். 150 கிராம் சோற்றில், அதாவது ஒரு சின்னக் கிண்ணத்தில், 40 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. எட்டுத் தேக்கரண்டிச் சர்க்கரைக்குச் சமம். காபியில் ஒரு கரண்டியைத் தியாகம் செய்துவிட்டு மதியம் இருபத்துநாலு கரண்டியை ரசம் விட்டுப் பிசைந்து சாப்பிடுபவருக்கு, சுகர் ஏன் இறங்கவில்லை என்பது ஆயுள் முழுக்க விளங்காத மர்மம். டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் 1981இல் வகுத்த கிளைசெமிக் குறியீட்டில் குளுக்கோஸுக்கு 100. 70ஐத் தொட்டால் உயர்ந்த வகை. சென்னை ஆய்வாளர்கள் பொன்னி அரிசியைச் சோதித்தபோது 70.2 வந்தது. அந்த 0.2ஐக் காட்டிப் பொன்னிக்காக வாதாட ஆள் உண்டு. எத்தனை கிண்ணம் என்ற கேள்வி வந்ததும் வாதம் படுத்துவிடும்.

சோற்றைக் குறைப்பது ஏன் இவ்வளவு கடினம்? மனவுறுதி இல்லாததால் என்பார்கள். அதைவிடச் சாப்பாட்டின் அமைப்பே காரணம். சாம்பாருக்குச் சோறு, வத்தக்குழம்புக்குச் சோறு, ரசத்துக்குச் சோறு, மோருக்குச் சோறு. நான்கும் தனித்தனியாகத் தம் பங்கைக் கேட்கும். சர்க்கரைக்காரர் ஒவ்வொரு தடவையும் "கொஞ்சமாப் போடும்மா" என்றுதான் சொல்கிறார், பொய் சொல்லவில்லை. நாலு கொஞ்சத்தைக் கூட்டிப் பார்க்கும் வழக்கம்தான் எந்த வீட்டிலும் இல்லை. கூட்டிப் பார்த்தால் ரசத்தையோ மோரையோ டம்ளரில் குடித்துவிட்டு எழுந்திருக்க வேண்டியிருக்கும். அது சாப்பிட்டதாகவே ஆகாது.

இதற்கு மாற்றாக வீடுகளில் நடப்பவை பல. இரவில் சப்பாத்தி மருந்தாகக் கருதப்படுவதால் ஐந்து வரை போகும். கோதுமையும் மாவுச்சத்துதான் என்று அந்த நேரத்தில் சொல்பவர் வீட்டில் நிம்மதியாக இருக்க முடியாது. கேழ்வரகு நல்லது என்று கேட்டு அதை மாவாய் அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். நைசாக அரைத்துக் குழையக் காய்ச்சியது வேகமாகச் செரித்து வேகமாகவே ரத்தத்தில் ஏறும். சாமை, தினை, வரகு, குதிரைவாலி ஆகியவற்றில் தீட்டிய அரிசியைவிட நார்ச்சத்து கூடுதல், மாவுச்சத்து கொஞ்சம் குறைவு. கொஞ்சம்தான். தினைச் சோறு என்பதால் இரண்டு மடங்கு சாப்பிடலாம் என்று எந்தத் தினையும் வாக்குக் கொடுக்கவில்லை. வெல்லம், கருப்பட்டி, தேன் மூன்றுக்கும் நம் ஊரில் நன்னடத்தைச் சான்றிதழ் உண்டு. கணையம் அதை வாங்கிப் படித்துப் பார்ப்பதில்லை.

உதவுபவை என்னவோ மிகச் சாதாரணமானவை, அதனாலேயே மதிப்பில்லாதவை. தட்டில் பாதிக்குக் காய், கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ, மிச்சக் கால் பங்குக்குச் சோறு. காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுச் சோற்றைக் கடைசியில் தொட்டால், அதே சாப்பாட்டுக்குச் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கல்யாண வீட்டு இலை இந்தச் சாஸ்திரத்தை அப்படியே தலைகீழாக அனுசரிக்கிறது: முதலில் இனிப்பு, பிறகு சோறு. பொரியல் கடைசிவரை ஓரத்தில் ஒரு சிட்டிகையாக நின்று வேடிக்கை பார்க்கும்.

நடை இன்னும் மலிவு. வேலை செய்யும் தசை, இன்சுலினின் சிபாரிசு இல்லாமலேயே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும். அதனால் சாப்பிட்டு முடித்ததும் பதினைந்து நிமிடம் நடப்பதற்குத் தனி மதிப்பு. ஆனால் சாப்பிட்டு முடித்ததும் தமிழ் உடம்பு தேடுவது ஈஸிசேரை. நடை காலைக்கு ஒத்திவைக்கப்படுகிறது. காலையில் பூங்காவில் குழுவாக நடக்கிறார்கள். நடையைவிடப் பேச்சு வேகமாகப் போகிறது. முடிந்ததும் வாசலில் அருகம்புல் சாறு, அதன் கசப்புக்கு ஆறுதலாக எதிர்க் கடையில் சூடான மெதுவடை.

கிண்டல் இருக்கட்டும், நடைக்கு ஆதாரம் பலமானது. வாசற்படியில் நிற்பவர்களை வைத்துச் சென்னையில் மூன்று ஆண்டு நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2006இல் வெளியானது. உணவையும் நடையையும் சரிசெய்தவர்களிடம் நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை போட்டவர்களிடம் 26.4 விழுக்காடு. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களிடம் 28.2. மாத்திரையும் போட்டுக்கொண்டு நடக்கவும் செய்தால் இரட்டை லாபம் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். ஒன்றைச் செய்துவிட்டு மற்றதில் சலுகை கேட்கலாம் என்று பார்த்தவர்களுக்கு நல்ல செய்தி.

ஆனால் நோய் வந்தபின் அந்தச் சலுகை கிடையாது. மெட்ஃபார்மின் பெரும்பாலோருக்கு முதல் மருந்து. பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் 1957இல் அதைச் சர்க்கரை நோய்க்குப் பயன்படுத்திய அனுபவத்தை வெளியிட்டார். கல்லீரல் சர்க்கரை தயாரிப்பதைக் கட்டுப்படுத்துவது அதன் முக்கிய வேலை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வாய்க்குள் போவதுதான் பாக்கி. இதில் பெரிய ஆபத்து நல்ல ரிசல்ட். "நார்மல்னு வந்துடுச்சு, அதான் நிறுத்திட்டேன்" என்பவர், குடை பிடித்ததால் நனையவில்லை என்று கண்டு நடுமழையில் குடையை மடக்கியவர்.

பரிசோதனை என்பது தனிக் கலை. நாள் குறித்ததும் சர்க்கரைக்காரர் இரண்டு நாள் முன்பிருந்தே உத்தமராகிவிடுகிறார். கீரை, மோர், ஒரே சப்பாத்தி. வெறும் வயிற்று ரத்தம் கொடுத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தத்துக்காகச் சாப்பிடும்போது வாழ்நாளிலேயே முதல்முறையாக இரண்டு இட்லியோடு எழுந்திருக்கிறார். ரிசல்ட் பிரமாதம். இந்த நாடகத்தைக் கெடுக்கவே வந்ததுபோல எச்பிஏ1சி என்று ஒரு சோதனை இருக்கிறது. 'மூணு மாச சுகர்' என்றால் எல்லோருக்கும் தெரியும். சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடிருக்கும். அத்தனை நாளும் அதன் ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையை இது அளக்கிறது. பலருக்கு இலக்கு 7க்குக் கீழே. இரண்டு நாள் கீரைக்கு இதில் மதிப்பெண் கிடையாது.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருப்பது நல்லது, அதோடு சண்டை போடாதவரை. பன்னாட்டுத் தர விதிப்படி 100க்கு மேற்பட்ட அளவுகளில் 15 விழுக்காடு வரை மேலே கீழே காட்ட அதற்கு அனுமதி உண்டு. உண்மையில் 200 இருந்தால் 170ம் காட்டலாம், 230ம் காட்டலாம். ஒரு விரலில் 182 வந்ததும் அடுத்த விரலைக் குத்தி 171 வாங்கி, அதை மட்டும் டைரியில் எழுதுவது பரவலான நடைமுறை. கேசரி சாப்பிட்ட விரலைக் கழுவாமல் குத்தினால் விரலில் இருக்கும் கேசரியும் கணக்கில் சேரும்.

மூலிகைத் துறைக்கு மைத்துனர்கள் பொறுப்பு. வெந்தயத்தில் கரையும் நார்ச்சத்து நிறைய இருப்பதால் ஓரளவு பலன் உண்டு. பாகற்காய் நல்ல காய். அதன் சாற்றைக் குடித்துவிட்டுக் காட்டும் முகத்துக்கு ஏற்ற அளவு சர்க்கரை இறங்குவதில்லை. விசித்திரமானது சிறுகுறிஞ்சான். அதன் இலையை மென்றால் நாக்கின் இனிப்பு உணர்வு சிறிது நேரம் மறைந்துவிடும். வாயில் போட்ட சர்க்கரை மணலாகத் தெரியும். தீபாவளியன்று இதை மெல்லத் தயாராக இருந்த சர்க்கரைக்காரர் இதுவரை கண்ணில் படவில்லை. எந்த இலையானாலும் மாத்திரையோடு சேர்க்குமுன் மருத்துவரிடம் சொல்வது நல்லது.

எது கடினம் என்ற பட்டியலில் முதலிடம் இந்த நோய் வலிக்காததற்கு. பல் வலித்தால் நள்ளிரவிலும் டாக்டரைத் தேடுகிறவர், 280 சர்க்கரையோடு சௌக்கியமாகச் சீட்டாடுவார். கண்ணின் விழித்திரையும் சிறுநீரகமும் காலின் நரம்பும் சத்தமில்லாமல் கெடுகின்றன. உணர்ச்சி மங்கிய பாதம் முள் குத்தியதைக்கூடச் சொல்வதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை கண்ணையும் காலையும் சிறுநீரையும் காட்டச் சொல்வது இதற்காகத்தான். "நல்லாத்தானே இருக்கேன்" என்பவரை இழுத்துக்கொண்டு போவது, அவர் வீட்டுக்காரம்மாவின் ஆண்டு உற்சவம்.

அடுத்தது நியாயமின்மை. இரவு ஒன்றுமே சாப்பிடாமல் படுத்தவருக்குக் காலையில் 160 வருகிறது. விடியற்காலையில் ஊறும் கார்ட்டிசால் முதலிய ஹார்மோன்களின் பேச்சைக் கேட்டுக் கல்லீரல் தன் இருப்பிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் விடும். தூக்கம் கெட்டாலும், காய்ச்சல் வந்தாலும், ஸ்டீராய்டு மாத்திரை போட்டாலும் ஏறும். குற்றமே செய்யாத நாளில் மாட்டிக்கொள்கிறவர், இனிமேல் செய்துவிட்டாவது மாட்டுவோம் என்று முடிவெடுத்தால் ஆச்சரியமில்லை.

மூன்றாவது அன்பு. இதற்கு மருந்து கண்டுபிடிக்கப்படவில்லை. தையில் சர்க்கரைப் பொங்கல், ஆவணியில் கொழுக்கட்டை, ஐப்பசியில் தீபாவளி, கார்த்திகையில் பொரி உருண்டை, மார்கழியில் அக்காரவடிசல். ஆண்டு முழுவதிலும் சர்க்கரைக்காரரின் கட்சியில் நிற்கும் பண்டிகை நவராத்திரி மட்டுமே. அதுவும் சுண்டலோடு நிறுத்திக்கொண்டால். நடுவில் வளைகாப்பு, கிரகப்பிரவேசம், நிச்சயதார்த்தம். பந்தியில் "எனக்குச் சுகர்" என்று சொல்லி இலையைக் கையால் மறைத்தால், பரிமாறுகிறவர் விரலிடுக்கில் ஜாங்கிரியைச் செருகிவிட்டு, "அண்ணே, பொண்ணோட அப்பா மனசு கஷ்டப்படும்" என்பார். பக்கத்து இலைக்காரர் தமக்கும் சுகர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு வைத்தியம் சொல்வார்: "இன்னிக்கு ஒருநாள்தானே, ராத்திரி ஒரு மாத்திரை சேத்துப் போட்டுக்குங்க."

அந்தக் கூடுதல் மாத்திரைதான் உண்மையில் பயப்பட வேண்டியது. மெட்ஃபார்மின் மட்டும் போடுபவருக்குச் சர்க்கரை மிகவும் தாழ்ந்துபோவது அரிது. ஆனால் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவையும் இன்சுலினும் அளவு மீறினால் 70க்குக் கீழே இறக்கிவிடும். வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், படபடக்கும், காரணமில்லாமல் கோபம் வரும். கடைசி அறிகுறியை வைத்து மட்டும் கண்டுபிடிப்பது சில வீடுகளில் சிரமம். அப்போது 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் பொறுத்து மறுபடி பார்த்து, ஏறாவிட்டால் இன்னொரு முறை. சரியானதும் ஏதாவது சாப்பிட வேண்டும். நெய்யில் மிதக்கும் அல்வாவும் சாக்லேட்டும் இதற்கு உதவாது. கொழுப்பு, சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும்.

வீட்டில் நடப்பது வேறு. நாடுகடத்தப்பட்ட சர்க்கரை டப்பா எங்கே என்று மருமகள் தேடுவதற்குள் மகன் குளுக்கோஸ் பாக்கெட்டை உடைக்கிறான், அக்கா வாழைப்பழம் உரிக்கிறார், பக்கத்து வீட்டு மாமி பாயாசத்தோடு ஓடி வருகிறார். 15 நிமிடம் பொறுக்க யாருக்கும் மனம் வராது. அரைமணி கழித்து மீட்டர் 290 காட்டும். மயங்கிவிட்டவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது. 108ஐக் கூப்பிட வேண்டும். இப்படி ஒருமுறை இறங்கினாலும் அதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும், மருந்தின் அளவை அவர் மாற்றுவார். பெரும்பாலோர் சொல்வதில்லை. சொன்னால் ஜாங்கிரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.