கொடி ஏறியது, பெயர் ஏறவில்லை

பெப்ரவரி 4 என்றதும் உங்கள் நினைவுக்கு முதலில் வருவது எது?
*வாசகர், உக்குவளை*

அதே வருடத்து நவம்பர். 1948 பெப்ரவரியில் நாடு சுதந்திரம் பெற்றது. நவம்பரில் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மலையகத் தமிழரில் ஏறக்குறைய ஏழு இலட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். கொடியேற்றத்தைப் பார்த்துக் கைதட்டியவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள்.

விடுதலைப் போரில் மாத்தளைக்கு என்ன பங்கு?
*மாணவி, இரத்தோட்டை*

பெரிய பங்கு. 1848இல் துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி. போதாததற்கு வருடத்தில் ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பணம் கட்ட வேண்டும். மாத்தளை கொதித்தெழுந்தது. எழுச்சிக்குத் தலைமை தாங்கிய புரன் அப்பு பிடிபட்டு அந்த ஓகஸ்டில் கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே காலத்தில்தான் மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர்கள், தம்புள்ளைக் காட்டுவழியே கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்தார்கள். வழியிலேயே காய்ச்சலிலும் பசியிலும் செத்தவர்கள் ஏராளம். சிங்கள விவசாயியைப் பிழிந்ததும் தமிழ்க் கூலியை வதைத்ததும் ஒரே பிரித்தானிய ஆட்சி. இரண்டையும் ஒரே பாடத்தில் படிப்பித்தால் நம் பிள்ளைகளுக்கு நல்லது.

இப்போதுதான் எல்லாருக்கும் குடியுரிமை இருக்கிறதே, பழையதை ஏன் கிளற வேண்டும்?
*வாசகர், எல்கடுவ*

1964இல் நம் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் எழுதி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். சம்பந்தப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. இங்கே எஞ்சியிருந்தவர்களுக்கு முழுதாக வழி திறந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில். 1948 நவம்பரில் பிறந்த பிள்ளைக்கு அப்போது 55 வயது. இதைப் பழைய கதை என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள்.

வாக்குப் போட்டு என்ன ஆகப்போகிறது?
*வாசகர், கலேவலை*

அந்த வாக்கைப் பறிக்க 1949இல் தேர்தல் சட்டத்தையே திருத்தினார்கள். ஒன்றுக்கும் உதவாததைப் பறிக்க யாராவது அவ்வளவு மெனக்கெடுவார்களா?

நாட்டின் சுதந்திரத்துக்கும் என் சொந்த முன்னேற்றத்துக்கும் என்ன சம்பந்தம்?
*மாணவர், மாத்தளை*

அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் நிரப்பிப் பாருங்கள், முதல் பக்கத்திலேயே குடியுரிமையைக் கேட்பார்கள். உங்கள் பாட்டனார் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்தப் பக்கத்தைத் தாண்டியிருக்க முடியாது. ஆனால் கதவு திறந்தால் போதாது, நடக்கவும் வேண்டும். மாத்தளை சோமு, மாத்தளை கார்த்திகேசு, மாத்தளை வடிவேலன் ஆகிய எழுத்தாளர்களைப் படியுங்கள். நம் மக்கள் எந்த நாட்டவர் என்று அரசுகள் பேரம் பேசி முடிக்காத நாட்களில், ஊரின் பெயரைத் தங்கள் பெயருக்கு முன்னால் எழுதிக்கொண்டவர்கள். அந்தத் துணிச்சலும் ஒரு வளர்ச்சிதான்.

காரியாலயத்துக்குப் போனால் “பிறகு வாங்க” என்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகிறது. என்ன செய்ய?
*கொழுந்து பறிக்கும் வாசகி, கம்மடுவ*

எழுதிக் கேளுங்கள் அம்மா, தமிழிலேயே. தகவலறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். உங்கள் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டால், தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு செய்தாக வேண்டும். கடிதம் கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் வந்துவிடாதீர்கள். இந்தச் சட்டம் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. நாடற்றவராக வாழ்ந்த உங்கள் தாயாரால் இப்படிக் கேட்டிருக்கவே முடியாது. உங்களால் முடியும். எழுதத் தெரியாத பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஒன்று எழுதி, இரண்டையும் ஒரே நாளில் கொண்டுபோய்க் கொடுங்கள்.