இரும்பையில் இரும்பைக் கடைதல்: ஒரு திருகாணி ஆராய்ச்சி

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், ஆரோவிலை ஒட்டி, இரும்பை என்றொரு சிற்றூர் இருக்கிறது. இலுப்பை மரங்கள் நிறைந்திருந்ததால் வந்த பெயர் என்பார்கள். அதை இக்கட்டுரை மறுக்கவில்லை. ஆனால் இலக்கணம் கொஞ்சமாவது படித்தவன் ஒன்றைக் கவனிக்காமல் அந்த ஊர்ப் பலகையைக் கடந்து போக முடியாது. ‘இரும்பு’ என்ற பெயர்ச்சொல் ஐ உருபை ஏற்றால் ‘இரும்பை’. இரண்டாம் வேற்றுமை, செயப்படுபொருள். மற்ற ஊர்களெல்லாம் எழுவாயாக நிமிர்ந்து நிற்க, இந்த ஊர் மட்டும் ஒரு வினைச்சொல் வருமென்று சம்பந்தர் பாடிய காலத்திலிருந்தே காத்துக் கிடக்கிறது. நெல்லையும் அப்படித்தானே என்று ஆட்சேபம் எழலாம். நெல்லைக் குத்துகிறார்கள், அவிக்கிறார்கள், விற்கிறார்கள்; அதற்கு வினைக்குப் பஞ்சமில்லை. இரும்பை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. கடைய வேண்டும் என்பது இவ்வாய்வின் முடிபு. அந்த முடிபுக்கு வந்த வழி பின்வருமாறு.

ஆய்வுப் பொருள் நான்கு அங்குல நீளமுள்ள ஒரு திருகாணி. என் தொலைநோக்கியைத் தாங்கும் மவுண்டின் பின்புறத்தில் அது இருந்தது. ஒரு கார்த்திகை மாத இரவில் அதைத் திருகியபோது கைக்கு ஏதோ உறுத்தியது. கழற்றி டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், ஏலக்கி வாழைப்பழத்தின் வளைவு.

ஏன் வளைந்தது என்பதற்குக் கொஞ்சம் வானத்தைப் பேசியாக வேண்டும். வானம் துருவத்தை நடுவில் வைத்துச் சுற்றுவதாக நமக்குத் தெரிகிறது. நட்சத்திரங்களைத் தொடர்ந்து பிடிக்க வேண்டுமானால் மவுண்டின் அச்சும் அந்தத் துருவத்தையே பார்க்க வேண்டும். துருவம் அடிவானிலிருந்து எத்தனை பாகை உயரத்தில் இருக்கிறதோ, அதுவே நாம் நிற்கும் ஊரின் அட்சரேகை. இரும்பைக்கு அது 12 பாகை. கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் ஒரு முட்டி, அதன்மேல் ஒரு கட்டைவிரல், அவ்வளவுதான் உயரம். துருவ நட்சத்திரம் கழுவேலிப் பக்கத்துப் பனைமரங்களின் தலையில் உட்கார்ந்திருக்கும்.

இந்த மவுண்டுகளின் வடிவம் துருவ நட்சத்திரத்தை அண்ணாந்து பார்க்கும் நாடுகளில் பிறந்தது. லண்டனில் அது 51.5 பாகை. அங்கே அச்சு நிமிர்ந்து நிற்கும். நம்மூரில் பாய் விரித்துப் படுத்துவிடும். அச்சின் மேல்முனையில் உட்கார்ந்திருக்கும் பாரம் வடக்கே கவிழப் பார்க்கும். கோசைன் கணக்கைப் போட்டால் 12 பாகைக்கு 0.978, 51.5 பாகைக்கு 0.623. ஆக, லண்டனில் இருக்கும் அதே தொலைநோக்கி இரும்பைக்கு வந்தால் ஒன்றரை மடங்குக்கு மேல் அமுக்குகிறது. அந்த அமுக்கலை முதுகில் தாங்குவது ஒற்றைத் திருகாணி. அதுவும் நேராகத் தாங்கினால் பரவாயில்லை. அச்சு தாழத் தாழ, உள்ளே ஆணி முட்டும் ‘காது’ சாய்ந்துவிடும். ஆணியின் முனை அதைக் கோணலாகக் குத்தும். மெத்தென்ற இரும்பு வளையாமல் வேறென்ன செய்யும்?

ஓர் ஆணிக்கு இத்தனை பீடிகையா என்று கேட்பவர்களுக்காக ஓர் அளவையும் தருகிறேன். என் மவுண்டில் அச்சின் கீலிலிருந்து ஆணி முட்டும் இடம்வரை 75 மில்லிமீட்டர். ஆணியின் மரைக்கு மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர். எனவே ஒரு சுற்றுக்கு அச்சு ஒரு பாகைக்குக் கொஞ்சம் அதிகமாக எழும். முழுநிலவின் அகலம் அரைப் பாகை. அதாவது, அரைச் சுற்று திருகினால் வானத்தில் ஒரு முழுநிலவு அளவு நகர்ந்துவிடுகிறோம். விரல் நுனியால் நிலவைத் தள்ளுகிற வேலையைச் செய்யும் ஆணி, வாழைப்பழமாக இருக்கலாகாது.

முன்னோர் இத்துறையில் என்ன சொல்லியிருக்கிறார்கள்? வள்ளுவர் அச்சாணிக்கு இடம் தந்தார், திருகாணியை விட்டுவிட்டார். சென்னையில் 1792இல் வானாய்வகம் கட்டியபோது கருவியை நிறுத்த ஒரு கருங்கல் தூணையே நட்டார்கள். தமிழ்க் கல்வெட்டோடு அது இன்றும் நுங்கம்பாக்கத்தில் நிற்கிறது. கருங்கல் வளையாது என்பது உண்மைதான், ஆட்டோவிலும் ஏறாது. காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் ஏறக்குறைய நம்முடைய அட்சரேகையில்தான் இருக்கிறது. ஆனால் அதன் அச்சை யாரும் மொட்டைமாடியில் நின்றுகொண்டு கையால் திருகுவதில்லை. எனவே இவ்வாய்வுக்கு அது உதவாது.

உதவக்கூடியவர் லெ ழான்த்தி என்ற பிரெஞ்சுக்காரர். வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்குப் புறப்பட்டவர் அவர். 1761இல் வந்து சேருவதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால், ஆடும் கப்பலில் நின்று பார்க்க வேண்டியதாயிற்று. எட்டு வருஷம் இந்தப் பக்கத்துக் கடலிலேயே சுற்றி, புதுச்சேரியில் ஆய்வகம் கட்டி, கருவிகளைச் சரிபார்த்து, 1769 ஜூன் 4 காலையில் காத்திருந்தார். மேகம் வந்து மூடிக்கொண்டது. இரும்பையிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாவிட்டாலும் டவுன்பஸ் தூரத்தில் நடந்த சம்பவம் இது. அவருடைய ஆணிகளில் எதுவும் வளைந்ததாக நான் படித்ததில்லை. ஆணி நன்றாக இருந்தும் வானம் கெடுத்தது அவர் கதை. வானம் நன்றாக இருந்தும் ஆணி கெடுத்தது என் கதை. எது பெரிய துக்கம் என்பதை அறிஞர்கள் முடிவு செய்யட்டும்.

இனி, இரும்பைக்கே உரிய ஆதாரம். மாகாளேசுவரர் கோயிலின் கதையை இந்தப் பக்கத்தில் எல்லாரும் சொல்வார்கள். கடுவெளிச் சித்தர் திருவிழாவில் உட்கார்ந்திருக்கிறார். ஆடிக்கொண்டிருந்த பெண்ணின் சிலம்பு கழன்று விழுகிறது. சித்தர் எழுந்துபோய், அதை எடுத்து, அவள் காலில் மாட்டிவிடுகிறார். கூடியிருந்தவர்கள் சிரிக்கிறார்கள். சித்தர் கோபத்தில் பாட, கருவறையில் லிங்கம் வெடித்துச் சிதறுகிறது. அரசன் காலில் விழ, சித்தர் மனமிரங்கி மறுபடி பாட, துண்டுகள் கூடுகின்றன. கூடிய லிங்கத்தைச் செப்புத் தகட்டால் கட்டியிருப்பதை இன்றும் பார்க்கலாம்.

பக்தர்கள் இதில் பக்தியைப் பார்க்கிறார்கள். திருகாணி ஆராய்ச்சியாளன் பார்ப்பது வேறு. சிலம்பு ஏன் கழன்றது? பூட்டு நழுவியதால். இரும்பை வட்டாரத்தின் மிகப் பழைய ஆணிக்கோளாறு இதுவே என்று துணிந்து கூறலாம். அதைக் குனிந்து சரிசெய்த ஒரே மனிதரை ஊரே பார்த்துச் சிரித்தது. நடுராத்திரியில் மொட்டைமாடியில் மண்டியிட்டு ஆணி தேடியபோது எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து எழுந்த சிரிப்பை நான் இந்த மரபின் தொடர்ச்சியாகவே எடுத்துக்கொண்டேன். பாடத் தெரியாததால் எதுவும் வெடிக்கவில்லை.

மவுண்டைச் செய்தவர்களிடம் கேட்டதற்கு ஆணியின் விலையைச் சொன்னார்கள். கூடவே அனுப்பும் செலவையும் சொன்னார்கள். அந்தத் தொகைக்கு மரக்காணத்து உப்பை மூட்டைக் கணக்கில் வாங்கி, ஆயுசுக்கும் ஊறுகாய் போடலாம். தவிர, வரப்போவதும் அதே மெத்து இரும்புதான். ஆகவே ஹார்டுவேர் கடைக்குப் போனேன்.

“என்ன நூல் சார்?” என்றார் கடைக்காரர்.

தமிழ் படித்தவனிடம் கேட்கக்கூடாத கேள்வி இது. நன்னூலா, தொன்னூலா என்று ஒரு கணம் மனசு ஓடியது.

“மூணு நூலா, ரெண்டரை நூலா?”

கொல்லர், தச்சர், கடைக்காரர் வழக்கில் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். மெட்ரிக் அளவைக்கு இந்தியா 1956இலேயே சட்டம் போட்டது, நூல் அறுந்தபாடில்லை. நான் வளைந்த ஆணியைக் காட்ட, அவர் கண்ணால் அளந்து ஒரு மூணு நூல் போல்ட்டை எடுத்துக் கொடுத்தார். இங்கேதான் ஆய்வாளர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மூணு நூல் என்பது 9.5 மில்லிமீட்டர் சொச்சம். அங்குலத்துக்குப் பதினாறு மரை. மரையின் கோணம் 55 பாகை. விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் 1841இல் வகுத்த கணக்கு அது. மவுண்டில் இருப்பதோ பத்து எம்எம், மரையின் கோணம் 60 பாகை. முன்னது பின்னதற்குள், பெண் பார்க்க வந்த சம்பந்தியைப்போல, சிரித்துக்கொண்டே இரண்டு மூன்று சுற்று போகும். அதற்குப்பின் முரண்டு பிடிக்கும். விடாமல் முறுக்கினால் அலுமினிய உடம்பிலுள்ள மரை போய்விடும். ‘மரை கழன்றவன்’ என்று தமிழர் ஏன் சொல்கிறார்கள் என்பது அப்போது அனுபவமாகப் புரியும்.

பத்து எம்எம், நூறு நீளம், தலைவரை மரை ஓடியது என்று விளக்கிச் சொல்ல, உள்ளேயிருந்து ஒரு கறுப்பு போல்ட் வந்தது. தலையில் 8.8 என்று பொறித்திருந்தது. பலர் இதை விலை என்று நினைக்கிறார்கள். முதல் எட்டை நூறால் பெருக்கினால் 800. சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் இழுத்தால்தான் அறும். இரண்டு எட்டையும் பெருக்கிப் பத்தால் பெருக்கினால் 640. அதுவரை வளைந்தாலும் நிமிர்ந்துவிடும். சாதாரண 4.6 போல்ட்டுக்கு இதே கணக்கு 400, 240. ஒரு புள்ளிவைத்த எண்ணில் இவ்வளவு செய்தியை அடக்கியவர்களுக்கு ஈரடி வெண்பா எழுதத் தெரிந்திருக்கும்.

போல்ட்டை எடுத்துக்கொண்டு திருச்சிற்றம்பலம் கூட்ரோட்டுப் பக்கம் ஒரு லேத்துப் பட்டறைக்குப் போனேன். ட்ராக்டர் பின், போர் மோட்டார் ஷாப்ட் எல்லாம் கடைகிற இடம். பட்டறை அண்ணன் போல்ட்டைப் பார்க்கவில்லை. நான் தூக்கி வந்த மவுண்டைப் பார்த்தார்.

“இன்னா சார் இது, பீரங்கியா?”

“தொலைநோக்கிக்குக் கால்ணே.”

“இதுல இன்னா தெரியும்?”

“சனியோட வளையம் தெரியும்.”

“எனக்குத்தான் ஏழரை வருஷமா தெரியுதே சார். இதுக்கு மிஷின் வேறயா?”

முனைதான் முக்கியம் என்றேன். ஆணி காதில் முட்டி வழுக்க வேண்டும், குத்தக்கூடாது. சைக்கிள் முன்சக்கரத்துக் குண்டு ஒன்றைப் பதிக்கலாம் என்றது என் யோசனை. முனையில் குழி போட்டுப் பதித்துத் தந்தார். வீட்டில் மாட்டி இரண்டு இரவு திருகியதில், கடின எஃகுக் குண்டு அலுமினியக் காதில் மிளகு அளவுக்குப் பள்ளம் தோண்டியிருந்தது. ஆய்வுலகில் இதை எதிர்மறை முடிவு என்பார்கள். அண்ணன் “நான் அப்பவே நெனச்சேன்” என்றார். அப்போதே ஏன் சொல்லவில்லை என்பது தனி ஆய்வுக்குரியது. இரண்டாவது போல்ட்டில் முனைக்கு நடுவே அஞ்சு எம்எம் துளை போட்டு, பித்தளைக் கம்பியை அடித்து இறக்கி, வெளியே நீட்டிய நுனியைக் கொண்டைக்கடலை மாதிரி உருட்டிக் கடைந்தார். சுருள் சுருளாகப் பித்தளைச் சீவல் தங்கமாய் விழுந்தது.

“எஸ்எஸ் போல்ட் போட்டிருக்கலாமோ அண்ணே? கடல் காத்தாச்சே.”

“எஸ்எஸ்ஸு துரு புடிக்காது, ஆனா இந்த அளவு ஸ்ட்ராங் கெடையாது. மரக்காணத்துல உப்பளத்து மோட்டார் பாத்திருக்கீங்களா? எது நட்டு எது போல்ட்டுன்னே தெரியாது. கிரீஸ்தான் சார் சாமி. மாசம் ஒருதரம் கழட்டித் தடவுங்க.”

அவர் சொன்னது பெரும்பாலும் சரி. வழக்கமான 304 எஸ்எஸ் போல்ட்டுக்கு மேலே சொன்ன 640க்குப் பதில் 450தான். உப்புக் காற்றில் அலுமினியத்தோடு எந்த எஃகைச் சேர்த்தாலும் அலுமினியம் வெள்ளையாய்ப் பூத்துவிடும்; இடையில் கிரீஸ் இருந்தால் அது வெகுவாகக் குறையும்.

மீதி இருந்தது பிடி. அறுகோணத் தலையை இருட்டில் விரலால் திருக முடியாது. உள்ளங்கைக்கு இதமான, பனியில் குளிராத ஒரு குமிழ் வேண்டும். பேக்கலைட் ஏற்றது. தேடுகிறவனுக்குப் பேக்கலைட் குமிழ் வீட்டிலேயே கிடைத்தது. அடியைக் குடைந்து, போல்ட் தலையை உள்ளே இறக்கி, எம்-சீல் பிசைந்து அடைத்து, ஓர் இரவு காயவிட்டேன்.

வீணாய்ப்போன முதல் போல்ட், இரண்டு தடவை லேத்துக் கூலி, இரண்டு டீ எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு முந்நூறு ரூபாய்க்குள். புது ஆணி தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் வளையவில்லை. கண்ணாடிமேல் உருட்டிப் பார்த்தேன், தடதடக்காமல் உருள்கிறது. அரைச் சுற்றுக்கு ஒரு நிலவு, சொன்னபடி நகர்கிறது. இரும்பைக்குப் பயனிலை கிடைத்துவிட்டது.

ஓர் இடைவெளி மட்டும் இவ்வாய்வில் நிரப்பப்படாமல் இருக்கிறது. எங்கள் வீட்டு இட்லிப் பானை மூடிக்கு இப்போது குமிழ் இல்லை. துணி சுற்றித் திறக்கிறார்கள், திறக்கும்போதெல்லாம் என்னைப் பார்க்கிறார்கள். அந்தப் பழைய மாடல் மூடிக்குப் பொருந்தும் கறுப்புக் குமிழ், கால் அங்குல மரை, புதுச்சேரியிலோ திண்டிவனத்திலோ எந்தக் கடையில் கிடைக்கும் என்று அறிந்தவர்கள் தயவுசெய்து தெரிவிக்கவும்.