நடைகூடத்து ரேடியேட்டரும் குளிர்ந்த மாடியும்

பிரிட்டனின் பெரும்பாலான வீடுகளில் குளிர்காலம் ஒரு பாய்லரையும், அதிலிருந்து புறப்பட்டு அறை அறையாகச் சென்று மீண்டும் அதனிடமே திரும்பும் வெந்நீரையும் நம்பியே கழிகிறது. சமையலறைச் சுவரில் தொங்கும் பாய்லர் எரிவாயுவால் நீரைச் சூடாக்க, அந்நீரைப் பம்பு தரைப்பலகைகளுக்கு அடியில் ஓடும் செப்புக் குழாய்களின் வழியே தள்ள, அறைச் சுவரோடு ஒட்டி நிற்கும் எஃகு ரேடியேட்டர், லண்டனின் ஈழத்தமிழர் வீடுகளில் ஹீற்றர் என்றே வழங்கப்படுவது, அச்சூட்டை அறைக்குக் கொடுத்துவிட்டு ஆறிய நீரைத் திருப்பி அனுப்புகிறது. இந்த ஏற்பாடு ஒழுங்காக நடக்கும் வரை வீட்டில் யாரும் அதைப் பற்றி நினைப்பதில்லை. அதில் ஒரே ஒரு ரேடியேட்டரை மாற்றிய நாள் முதல் வேறு எதைப் பற்றியும் நினைப்பதில்லை.

மாற்றப்படுவது பெரும்பாலும் நடைகூடத்து ரேடியேட்டராகவே இருக்கும். வாசற்கதவைத் திறந்ததும் விருந்தினர் கண்ணில் முதலில் படுவது அதுதான். அடிவிளிம்பில் துரு பூத்து ஈரம் கசியத் தொடங்கிவிட்டால் வீட்டின் மானமும் அதனோடு சேர்ந்து கசிகிறது. எரிவாயுக் குழாயிலும் பாய்லரின் எரிபாகத்திலும் கூலிக்கு வேலை செய்ய, 2009 முதல் கேஸ் சேஃப் பதிவேட்டில் பெயருள்ளவருக்கே உரிமை உண்டு. நீர் ஓடும் பக்கத்துக்கு அத்தகைய தடை இல்லை. சட்டம் தடுக்காத இடத்தில் இல்லத்தலைவருக்குத் துணிச்சல் பிறக்கிறது. பிளம்பர் சொல்லும் கூலி அத்துணிச்சலை வளர்த்து ஆளாக்குகிறது.

ரேடியேட்டரின் இரு கீழ்முனைகளிலும் ஒவ்வொரு வால்வு உண்டு. ஒன்று கையால் திருகும் குமிழ் உடையது. மற்றது வெள்ளை மூடிக்குள் மறைந்திருந்து ஸ்பானருக்கு மட்டுமே அசைந்து கொடுக்கும் லாக்ஷீல்டு எனப்படுவது. இரண்டையும் மூடி, இணைப்பு நட்டைத் தளர்த்தி, வடியும் நீரை வாளியில் பிடித்துக்கொண்டு, பழையதைச் சுவர்க்கொக்கியிலிருந்து தூக்கிவிட்டால் பாதி வேலை முடிந்ததாக வழிகாட்டிகள் கூறுகின்றன. தூக்கியதை வாசலுக்குக் கொண்டுபோகும்போது அதன் வயிற்றில் மிஞ்சிய கருநீர் வெளிர்நிறக் கம்பளத்தின்மேல் வழிநெடுகக் கோடு போடும் என்பதை அவை கூறுவதில்லை. பழையது அங்குலக் கணக்கிலும் புதியது மில்லிமீட்டர் கணக்கிலும் செய்யப்பட்டிருந்தால் வால்வுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே விரலகல இடைவெளி விழ, அதை அடைக்கும் நீட்டிப்புத் துண்டைத் தேடி ஓட வேண்டிய நேரமோ, இங்கிலாந்தில் பெரிய கடைகள் ஆறு மணி நேரத்துக்கு மேல் விற்கக்கூடாத ஞாயிற்றுக்கிழமையின் மாலையாகவே அமைகிறது. இந்த அமளியில் லாக்ஷீல்டை மூடும்போது அது எத்தனை சுற்றில் மூடியது என்று எண்ணி எழுதி வைக்க வேண்டிய சிறு கடமை விட்டுப்போகிறது. வேலை முடிந்ததும் இரு வால்வுகளும் தாராளமாக, முழுவதுமாகத் திறந்துவிடப்படுகின்றன. பின்னால் வரும் துன்பத்தின் வித்து இங்கேதான் ஊன்றப்படுகிறது. ஆயினும் இல்லத்தலைவர் அதைத் தேடி வந்து சேரும் கடைசி இடமும் இதுவே.

முதலில் அவர் கண்ணில் படுவது அழுத்தம். மூடிய அமைப்பில் நீரின் அழுத்தத்தைப் பார் என்னும் அலகால் அளப்பர். 1 பார் என்பது ஏறத்தாழ 10 மீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பம் தன் அடியில் தரும் அழுத்தம். நீர் ஆறியிருக்கும்போது பாய்லரின் முள் 1-க்கும் 1.5-க்கும் இடையில் நிற்பது வழக்கம். ரேடியேட்டரை மாற்றிய வீட்டில் அது பூஜ்யத்தை ஒட்டிப் படுத்திருக்க, பாய்லர் தன் சிறு திரையில் ஓர் எழுத்தையும் ஓர் எண்ணையும் காட்டிவிட்டு எரிய மறுக்கும். பாய்லருக்கு அடியில், வெள்ளிக்கம்பிப் பின்னல் போர்த்திய வளைகுழாயின் திருகைத் திறந்தால் தெருக்குழாய் நீர் சீறிக்கொண்டு உள்ளே புகும். விருந்தோம்பலில் ஊறிய கை போதும் என்ற இடத்தில் நிற்பதில்லை. இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று முள்ளை 2-க்கு மேல் ஏற்றிவிடுகிறது. சூடேறிய நீர் விரிந்து அழுத்தம் 3 பாரைத் தொட்டால் பாதுகாப்பு வால்வு திறந்து, வெளிச்சுவரில் நீட்டிய செப்புக் குழாய் வழியே உபரியைக் கொட்டிவிடும். ஒருமுறை திறந்த அவ்வால்வு சில வேளைகளில் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டே இருக்க, முள் மறுபடி இறங்க, இல்லத்தலைவர் மறுபடி நிரப்ப, தண்ணீர்க் கட்டணத்தில் ஒரு பகுதி தோட்டத்துப் புல்லுக்குப் போய்ச் சேர்கிறது.

அடுத்த ஆய்வுக்கருவி உள்ளங்கை. ரேடியேட்டரின் மேற்பகுதி சில்லென்றும் கீழ்ப்பகுதி சூடாகவும் இருந்தால் உள்ளே காற்று தேங்கியிருக்கிறது. கீழ்நடு மட்டும் குளிர்ந்திருந்தால் வண்டல் படிந்திருக்கிறது. முழுவதும் குளிர்ந்திருந்தால் ஏதோ ஒரு வால்வு மூடியிருக்கிறது. நீரை வடித்து நிரப்பிய வீட்டில் காற்று மேலேறி மாடி ரேடியேட்டர்களில் குடியேறுவது இயல்பு. அதை வெளியேற்றும் சதுரத்துளைச் சாவி ஒவ்வொரு வீட்டிலும் உண்டு, தேவைப்படும் நாளைத் தவிர. பம்பை நிறுத்திவிட்டு, மேல்மூலையில் உள்ள சிறு திருகைச் சாவியால் கால்சுற்றுத் தளர்த்தினால் முதலில் உஸ்ஸென்ற ஓசையும், அடுத்துக் காற்றும் நீருமாய்க் கலந்த துப்பலும், பிறகு மையைக் கரைத்த நிறத்தில் மெல்லிய தாரையும் வரும்; தாரை சீரானதும் திருகை மூடிவிட வேண்டும். காற்று போன அளவுக்கு அழுத்தம் குறைவதால் கீழே முள்ளையும் ஒருவர் கவனிக்க வேண்டியிருக்கிறது. மாடியில் சாவியோடு கணவரும் சமையலறையில் முள்ளுக்குக் காவலாக மனைவியும் நிற்கும் இந்தக் கட்டத்தில், “எவ்வளவு காட்டுது?” என்று மேலிருந்து நாலாம் முறையாக எழும் குரலுக்கு, “இஞ்சேருங்கோ, நீங்களே வந்து பாருங்கோ” என்ற விடை கீழிருந்து வருவது மரபு.

ஒரே ரேடியேட்டரில் வாரந்தோறும் காற்று சேர்ந்தால் அது காற்றே அல்லாதிருக்கவும் கூடும். ஆக்சிஜன் இல்லாத நீரில் எஃகு அரிக்கப்படும்போது ஹைட்ரஜன் பிறக்கிறது. அதனுடன் மேக்னடைட் என்னும் கருநிற இரும்பு ஆக்சைடும் உண்டாகி, அடியில் சேறாகப் படிகிறது. கம்பளத்தில் கோடு போட்டது இதுவே. இதைத் தடுக்கத்தான் நீரில் துருத்தடுப்பு மருந்து கலப்பர். நீரை வடித்தவர் அம்மருந்தையும் சேர்த்தே வடித்துவிட்டார் என்பதும், புதிய ரேடியேட்டருக்குக் காசு கொடுத்தவர் அதன் ஆயுளைக் காக்கும் அந்தப் போத்தலை வாங்க மறந்தார் என்பதும் சேறு சொல்லித்தான் தெரியவருகின்றன.

மூன்றாவது சந்தேகம் வால்வின்மேல் விழுகிறது. படுக்கையறை ரேடியேட்டர்களில் 1 முதல் 5 வரை எண்கள் பொறித்த தலையுடைய தெர்மோஸ்டாட்டிக் வால்வு இருக்கும்; டென்மார்க்கின் மாட்ஸ் கிளவுசன் 1943-இல் உருவாக்கிய இக்கருவி, தன்னுள் உள்ள மெழுகோ திரவமோ அறைச் சூட்டில் விரியும்போது ஒரு சிறு ஊசியை அழுத்தி நீரைத் தானே மட்டுப்படுத்துகிறது. கோடை முழுவதும் மூடிக்கிடந்தால் அந்த ஊசி கீழேயே ஒட்டிக்கொள்வதுண்டு. தலையைக் கழற்றி, ஊசியை மெல்ல அழுத்தியும் விட்டும் பழக்கினால் அது எழுந்துவிடும். பொறுமையிழந்து குறடால் பற்றி இழுப்பவர், ஊசி கையோடு வந்தபின் அந்தத் துளையிலிருந்து நீர் எவ்வளவு உயரம் எழும் என்பதையும் கற்றுக்கொள்கிறார்.

காற்று போய், முள் நிமிர்ந்து, ஊசி எழுந்து, மருந்தும் கலந்தபின் மாடி சூடேறியிருக்க வேண்டும். ஏறுவதில்லை. வானொலியில் எட்டு மணிச் செய்தி முடிவதற்குள் நடைகூடத்தில் மட்டும் செங்கல்சூளையின் அனல் அடிக்க, படுக்கையறையில் பிள்ளைகள் கம்பளியாடைக்கு மேல் கம்பளியாடை அணிந்து பாடம் படிக்கின்றனர். வீட்டுப் பூனை தன் நெடுநாள் இருக்கையான மாடிச் சன்னலைக் கைவிட்டு நடைகூடத்துக்குக் குடிபெயர்கிறது. ரஷ்யாவின் சமாரா நகரில் 2005-இல் ரேடியேட்டருக்கு ஒரு நினைவுச்சின்னம் அமைத்த சிற்பி, அதன் மேலே ஒரு பூனையைப் படுக்கவைத்தார். வெப்பம் எங்கே இருக்கிறது என்பதில் பூனையின் சாட்சியத்தை மறுக்க இயலாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. இல்லத்தலைவர் அச்சாட்சியத்தைப் பொருட்படுத்தாமல் பாய்லரைச் சந்தேகிக்கிறார், பம்பைச் சந்தேகிக்கிறார், எரிவாயு நிறுவனத்தையும் சந்தேகிக்கிறார்.

உண்மையில் பழுதென்று எதுவும் இல்லை. எல்லா ரேடியேட்டர்களும் ஒரே நீரைப் பகிர்ந்து வாழும் கூட்டுக்குடும்பம் இது. அடுப்படிக்கு அருகில் உட்கார்ந்தவர் முதலில் வேண்டிய மட்டும் பரிமாறிக்கொண்டால் கடைசிப் பந்திக்கு ரசம்தான் மிஞ்சும். நீர் எப்போதும் தடை குறைந்த வழியையே நாடுவதால், பாய்லருக்கு அருகிலுள்ள ரேடியேட்டரின் லாக்ஷீல்டைச் சற்றே திறந்தும் தொலைவில் உள்ளதை அகலத் திறந்தும் வைத்தால்தான் பங்கு சமமாகும். இதைச் சமன்செய்தல் என்பர். ரேடியேட்டருக்குள் புகும் நீருக்கும் வெளியேறும் நீருக்கும் இடையிலுள்ள சூட்டு வேறுபாட்டை அளந்து இதைச் செய்வது முறை. பழைய பாய்லர்களுக்கு ஏறத்தாழ 11 டிகிரி செல்சியஸ் வேறுபாடு போதுமானதாகக் கருதப்பட்டது. 2005 முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் புதிய எரிவாயு பாய்லர்களுக்குப் பெரும்பாலும் கட்டாயமாக்கப்பட்ட, புகையில் போகும் நீராவியைக் குளிரவைத்து அதன் வெப்பத்தையும் பிடித்துக்கொள்ளும் வகைக்கு 20 டிகிரி வரை விரும்பப்படுகிறது. திரும்பிவரும் நீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே ஆறியிருந்தால்தான் அந்த நீராவி படியும். முன்பு இந்த ஏற்பாட்டை நிறுவிய பிளம்பர் செய்துவைத்த சமன், எண்ணப்படாமல் போன அந்தச் சில சுற்றுகளில் அழிந்துபோயிற்று.

அதனினும் பெரிய வினை வேறொன்று. வீட்டின் சூட்டைக் கண்காணித்துப் பாய்லரை எரியவோ நிறுத்தவோ ஆணையிடும் தெர்மோஸ்டாட் பல பிரிட்டிஷ் வீடுகளில் நடைகூடத்துச் சுவரில்தான் இருக்கிறது. அது அறிந்த உலகம் அந்தச் சுவரடி மட்டுமே. பழைய ரேடியேட்டர் ஒற்றைத் தகடு உடையதாக இருந்திருக்க, கடைக்குப் போன இல்லத்தலைவர் வாங்குவதுதான் வாங்குகிறோம், பெரிதாக வாங்குவோம் என்று இரட்டைத் தகடும் இரட்டை விசிறித் தகடுமுள்ள 22-ஆம் வகையை வாங்கியிருப்பார். முழுவதும் திறந்த வால்வுகளோடு அது நடைகூடத்தை நொடியில் சூடாக்கிவிட, வீடு முழுவதும் 20 டிகிரியை எட்டிவிட்டதாக முடிவுகட்டிய தெர்மோஸ்டாட் பாய்லரை அணைத்துவிடுகிறது. மாடிக்கு வெந்நீர் போய்ச் சேர்வதற்குள் அதன் ஆணை முந்திக்கொள்கிறது. புதிய ரேடியேட்டர் வேலை செய்யவில்லை என்பதல்ல குறை. அது ஒன்றுதான் அளவுக்கு மிஞ்சி வேலை செய்கிறது.

தீர்வு, வாங்கியவர் மனம் ஏற்க மறுப்பது. நடைகூடத்தின் லாக்ஷீல்டை முழுவதும் மூடிப் பின் கால்சுற்று, அரைச்சுற்று என்று சிறிது சிறிதாகத் திறந்து, வீட்டில் கடைசியாகச் சூடேறுவது அதுவாகவே இருக்கும்படி செய்ய வேண்டும். அதைச் செய்த அன்றே மாடி வெதுவெதுக்கிறது, பிள்ளைகளின் கம்பளியாடைகள் கழல்கின்றன, பூனை சன்னலுக்குத் திரும்புகிறது. கூடுதல் விலை கொடுத்து வாங்கிய ரேடியேட்டரோ அரைச்சூட்டோடு அடக்கமாக நிற்கிறது. அடுத்த விடுமுறைக்கு டொரோண்டோவிலிருந்து வரும் மைத்துனர், அங்குள்ள பெரும்பாலான வீடுகளில் சூடான காற்றையே குழாய்வழி ஊதி வெப்பமூட்டுவதால் ரேடியேட்டரை அருகிலிருந்து பார்த்திராதவர், வாசலில் சப்பாத்தைக் கழற்றியதும் புதிய தகட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, “மச்சான், இந்த ஹீற்றர் வடிவாச் சுடேல்ல, மாத்திப்போடுங்கோ” என்று அறிவுரை கூறுவார். அவர் வீடு திரும்பும் வரை ஸ்பானர்களை ஒளித்துவைப்பது நல்லது.