பட்லருக்கு ஒரு கேட் பாஸ்

ஸ்டுட்கார்ட்,
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

பருத்திப்பட்டு ஏரிக்கரை வாக்கிங் தொடர்கிறதா, இல்லை முழங்கால் வலி என்று டிமிக்கி கொடுக்கிறீர்களா?

ஜெர்மனியில் ஞாயிறு என்றால் கடை கிடையாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. காலி பாட்டிலைத் தொட்டியில் போட்டால்கூடப் பக்கத்து வீட்டுப் பாட்டி ஜன்னலுக்கு வந்துவிடுவார். சத்தமில்லாமல் செய்ய மிச்சமிருப்பது கடிதம் எழுதுவதுதான். போனில் கேட்டீர்களே, "ஒரு மிஷினை ஸ்டார்ட் பண்றதுக்காடா இவ்வளவு நாள்?" என்று. விலாவாரியாகச் சொல்கிறேன்.

எங்கள் குழுவில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து கோட் எழுதுகிறோம். அத்தனையும் வாங்கிச் சேர்த்து, ஓடுகிறதா என்று சோதித்து, ஓடாவிட்டால் எவன் கெடுத்தான் என்று சொல்ல ஒரு பில்ட் சர்வர் வேண்டும். அதற்கான மென்பொருள் ஜென்கின்ஸ். எழுதியவர் கோசுகே கவாகுச்சி என்ற ஜப்பானியர். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்தபோது தன் கோட் அடிக்கடி பில்டை உடைத்து வசவு வாங்கித் தந்ததால், ஊருக்குத் தெரியும் முன் தனக்குத் தெரியட்டும் என்று எழுதிக்கொண்டது. முதலில் அதற்கு ஹட்சன் என்று பெயர். 2010இல் சன் கம்பெனியை ஆரக்கிள் வாங்கியது. பெயர் யாருக்குச் சொந்தம் என்று தகராறு முற்றி, 2011இல் கவாகுச்சி தரப்பினர் ஜென்கின்ஸ் என்று புதுப் பெயர் வைத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விட்டார்கள். இரண்டுமே வெள்ளைக்கார பங்களாவில் பட்லருக்கு இருக்கிற மாதிரிப் பெயர். சின்னத்திலும் கையில் துண்டோடு ஒரு பட்லர்தான் நிற்கிறார். நல்ல மனிதர். ஆனால் வேலைக்குச் சேர்ந்த நிமிடமே வெளியே போய்ச் சாமான் வாங்கிவர வேண்டும் என்பார். ப்ளகின், ப்ளகின் என்று துணைநிரல்களின் ஒரு பெரிய பட்டியல், எல்லாம் இணையத்திலிருந்து இறங்க வேண்டும். எங்கள் ஆபீஸிலோ ஃபயர்வால்.

ஃபயர்வால் என்றால் என்னவென்று உங்களுக்கா நான் சொல்ல வேண்டும்? நீங்கள் வேலை பார்த்த டேங்க் ஃபேக்டரி கேட்தான். 1965இல் முதல் விஜயந்தா வந்ததிலிருந்து எத்தனையோ டாங்கிகள் அந்தக் கேட்டைத் தாண்டியிருக்கின்றன, பாஸ் இல்லாமல் ஒரு ஸ்பானர் தாண்டியதில்லை என்பீர்களே, அதே கேட். ஒரு வித்தியாசம். உங்கள் கேட்டில் நிற்பவர் முகத்தையாவது பார்க்கலாம். இங்கே "டிக்கெட்" போட வேண்டும். யாருக்குப் போகிறது, யார் படிக்கிறார்கள் என்பது பரம ரகசியம்.

முதலில் பட்லர் எழுந்திருக்கவே இல்லை. அவருடைய குறிப்பேடான லாகைப் பார்த்தால், அவர் ஓட வேண்டிய ஜாவா பழசாம். 2024 அக்டோபரில் வந்த ஜென்கின்ஸ் நிலைப்பதிப்பு குறைந்தது ஜாவா 17 இல்லாமல் கிளம்பாது. எங்கள் சர்வரில் இருந்தது 11. புதிய ஜாவாவை இறக்க இணையம் வேண்டும். டிக்கெட் போட்டேன். ஜாவா வந்தது. பட்லர் எழுந்தார். எழுந்தவர் திரையில் காட்டிய முதல் செய்தி, "இந்த ஜென்கின்ஸ் ஆஃப்லைனில் இருப்பதாகத் தெரிகிறது." அது எனக்கும் தெரிந்ததுதான்.

வெளியே போக ப்ராக்ஸி என்று ஒரே ஒரு வழி. அதில் ப்ளகின் கிடைக்கும் ஜென்கின்ஸ் முகவரிகளை மட்டும் அனுமதிக்கச் சொல்லி அடுத்த டிக்கெட். செவ்வாய்க்கிழமை தோறும் இதற்கென்று ஒரு கமிட்டி கூடுகிறது. கூடி, யோசித்து, அனுமதித்தார்கள். ப்ளகின் அப்போதும் வரவில்லை. நோண்டிப் பார்த்தால், அந்த முகவரியில் கவுன்டர் மட்டும்தான் இருக்கிறது. சரக்கு உலகம் முழுக்க இருக்கும் கிடங்குகளிலிருந்து வருகிறது. பக்கத்தில் இருக்கும் கிடங்கைப் பார்த்து அதுவே கைகாட்டிவிடும். எங்களுக்குக் காட்டியது ஆகன் பல்கலைக்கழகத்தின் சர்வரை. இதே ஜெர்மனியில் சுமார் 400 கி.மீ. தள்ளி இருக்கிறது. அந்த முகவரிக்கு பாஸ் இல்லை. மறுபடி டிக்கெட், மறுபடி செவ்வாய்க்கிழமை.

இந்த ஊர்க்காரர்களுக்கு முறை என்றால் அப்படி ஓர் உயிர், மாமா. எங்கள் அபார்ட்மென்டில் வாரம் ஒரு வீட்டின் கதவில் ஓர் அட்டை தொங்கும். அந்த வாரம் மாடிப்படியும் வாசல் நடைபாதையும் அந்த வீட்டார் பெருக்க வேண்டும். கேர்வோஹே என்பார்கள். ஸ்டுட்கார்ட் நகராட்சி அந்த விதியை 1988லேயே கைவிட்டுவிட்டது. ஆனாலும் வாடகை ஒப்பந்தத்தில் எழுதி, விடாமல் பெருக்குகிறார்கள். வாடகைக்கு இருப்பவன் கடும் குளிரிலும் தினம் ஜன்னலை விரியத் திறந்து காற்று விட வேண்டும், இல்லாவிட்டால் சுவர் பூஞ்சை பிடிக்கும். வீட்டில் இப்படித் திறக்கச் சொல்கிறவர்கள்தான் ஆபீஸில் ஊசி முனை இடம் விடமாட்டேன் என்கிறார்கள்.

ஆகனுக்கும் பாஸ் கிடைத்தது. இனிமேல்தான் வேடிக்கை. எங்கள் கேட்டில் வெளியிலிருந்து வரும் பார்சலைப் பிரித்துப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு மறுபடி ஒட்டி, அனுப்பியவர் முத்திரைக்குப் பதிலாகக் கம்பெனி முத்திரையைக் குத்தி உள்ளே விடுவார்கள். கம்பெனிக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அந்த முத்திரை பழக்கம். அதனால் அதே சர்வரில் நான் கையால் ஒரு ஃபைலை இறக்கினால் ஜம்மென்று வருகிறது, ஜென்கின்ஸ் இறக்கினால் வரமாட்டேன் என்கிறது. காரணம், ஜென்கின்ஸ் ஓடுவது ஜாவாவில். நாங்கள் போட்ட ஜாவா தனக்கென்று தனி முத்திரைப் பட்டியல் வைத்திருக்கிறது. சர்வரின் பட்டியலை அது ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. "போலி முத்திரை" என்று பார்சலைத் திருப்பி அனுப்பிவிட்டு, லாகில் பக்கம் பக்கமாகப் புலம்புகிறது.

கம்பெனி முத்திரையை ஜாவாவின் பட்டியலில் சேர்க்க ஒரு வரிக் கட்டளை போதும். ஆனால் முத்திரைக் கோப்பைத் தர வேண்டியவர் மயோர்க்கா தீவில் விடுமுறையில் இருந்தார். மெயில் போட்டால் தானாக ஒரு பதில் வந்தது: "உங்கள் மெயிலை இப்போது யாரும் படிக்கமாட்டார்கள்." லீவில் போனவரைக் கூப்பிடுவது இங்கே பெரிய அநாகரிகம். காத்திருந்தேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்தபோதும் இதே வியாதி வந்தது. நெட்வொர்க் அண்ணனைக் கீழே டீக்கடைக்குக் கூட்டிப்போனேன், டீ ஆறுவதற்குள் ஃபயர்வாலில் போர்ட் என்ற வழி திறந்துவிட்டது. அதை இன்றுவரை யாரும் மூடியிருக்கமாட்டார்கள். எதற்காகத் திறந்தது என்று தெரிந்த இரண்டு பேரில் ஒருவன் இப்போது ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறான். இங்கே ஒவ்வொரு ஓட்டைக்கும் கேட்டவன் பெயர், காரணம், மூட வேண்டிய தேதி எல்லாம் ஏட்டில் இருக்கிறது. எரிச்சல்தான். இருந்தாலும், டேங்க் ஃபேக்டரியில் இருந்த உங்களிடம் டீக்கடைப் பக்கம் பேசி ஜெயிக்க முடியுமா?

மயோர்க்காக்காரர் நல்ல வெயில் நிறத்தோடு திரும்பி வந்தார். கோப்பு வந்தது, ப்ளகின்கள் சரசரவென்று இறங்கின, வியாழக்கிழமை முதல் பில்ட் ஓடியது. ஓடி, உடைந்தது. உடைத்தது என் மேனேஜர் எழுதிய கோட். இன்னார்தான் உடைத்தார் என்று குழு முழுவதற்கும் மெயில் போடுவது பட்லரின் கடமை. தவறாமல் போட்டார். போய்ச் சேரவில்லை. மெயில் போகும் 25ஆம் எண் போர்ட்டும் மூடித்தான் இருக்கிறதாம். மேனேஜரே வந்து, "அதற்கும் ஒரு டிக்கெட் போட்டுவிடு, ஆனால் நிதானமாகப் போடு" என்றார். படிவத்தில் "அவசரமா?" என்று ஒரு கட்டம் இருக்கிறது. "இல்லை" என்று குறித்திருக்கிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். மோர் மிளகாய் தீர்ந்துவிட்டது என்று மட்டும் சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்