கூறு போடத் தெரிந்த பிள்ளைகள்

எழுபதுகளில் பெரிய காலாப்பட்டில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது ஆயாதான். வலை கரையேறியதும் கவளை மீனைக் குவித்துக் கூறு போடுவாள். பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் கிளிஞ்சலைக் கூறு போடுவோம். "இந்தக் கூறுல ஒண்ணு கம்மியா இருக்கு பாரு, எடுத்து வைடா" என்பாள். எண்ணுவது, கூட்டுவது, சமமாகப் பிரிப்பது எல்லாம் அந்த ஒரு பேச்சிலேயே அடங்கிவிடும். மீனின் பெயரும் விலையும், வாடைக்கு எது படும், சோழகத்துக்கு எது படும் என்பதும் கூடவே வரும்.

பால்வாடிக்குள் நுழைந்ததும் கதை வேறு. கை கட்டி, வாய் பொத்தி உட்கார வேண்டும். டவுசர் பையிலிருந்த சோழிகளை வாசலிலேயே கொட்டிவிட்டு வரச் சொன்னார்கள். உள்ளே அட்டையில் அச்சிட்ட ஆப்பிளை எண்ணினோம். அவ்வளவு பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துச் சமாளித்த ஆசிரியை மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் கையால் தெரிந்துகொண்டது படிப்பில் சேராது என்று நாங்கள் அங்கேதான் கற்றோம். அதை மறக்கப் பல வருஷம் ஆனது.

இன்று என் பேத்தியின் எல்.கே.ஜி. வகுப்பில் அதே கிளிஞ்சல் கிண்ணத்தில் வைத்திருக்கிறார்கள். பெற்றோரை அழைத்த ஒரு நாள் நானும் போய் உட்கார்ந்தேன். பெரியது, சிறியது, வரி உள்ளது, வழவழப்பானது என்று பிள்ளைகள் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் ஒரு கிளிஞ்சலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். அதில் ஊசி குத்தியதுபோல் வட்டமாக ஓர் ஓட்டை.

"மிஸ், இதுல யாரு ஓட்டை போட்டா?"

"ஒரு நத்தைடா. ஓட்டைத் துளைச்சு உள்ள இருந்த சதையைத் தின்னுடுச்சு."

வகுப்பே ஓட்டைக் கிளிஞ்சல் தேட ஆரம்பித்தது. கிடைத்ததை எண்ணினார்கள், நூலில் கோத்தார்கள். நத்தைக்குப் பல் உண்டா என்று பெரிய விவாதமே நடந்தது. அறிவியல், கணக்கு, மொழி, பென்சில் பிடிக்கப் போகும் விரலுக்குப் பயிற்சி எல்லாம் அதில் இருந்தன. இப்பாடத்துக்கு இது, அப்பாடத்துக்கு அது என்று யாரும் மணி அடிக்கவில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது.

2022இல் வந்த அடிப்படை நிலைக் கலைத்திட்டம் மூன்று முதல் எட்டு வயதுவரை விளையாட்டு வழியாகவே கற்க வேண்டும் என்கிறது. நல்லது. ஆனால் இது எங்கிருந்தோ வந்த புதுமை என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. எழும்பூரில் அநாதைப் பிள்ளைகள் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்துத்தான் அதைத் தன் விடுதியில் கொண்டுவந்தார். 1797இல் லண்டனில் புத்தகமாகவும் போட்டார். உப்புக் காகிதத்தில் எழுத்தை வெட்டிப் பிள்ளைகளைத் தடவச் சொன்ன மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மணலும் விரலும் இங்கே எப்போதும் இருந்தவைதான். வகுப்பறைதான் நடுவில் அவற்றை வெளியே நிறுத்திவிட்டது.

ஒரு கவலையும் உண்டு. புதுச்சேரித் துறைமுகத்துக்கு 1980களில் கல் தடுப்பு கட்டினார்கள். வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே தேங்கியது. வடக்கே பிள்ளைச்சாவடி முதல் எங்கள் கரைவரை கடல் அரித்தது. நாங்கள் விளையாடிய அகலம் என் பேத்திக்கு இல்லை.

அதையும் வகுப்பில் வைக்கலாம் என்பது என் எண்ணம். தட்டில் மணலைப் பரப்பி, குறுக்கே ஒரு கல்லை நட்டு, ஒரு பக்கத்திலிருந்து தண்ணீரை மெல்லத் தள்ளச் சொன்னால் போதும். கல்லுக்கு இந்தப் பக்கம் மணல் சேர்வதையும் அந்தப் பக்கம் கரைவதையும் ஐந்து வயதுப் பிள்ளை தானே பார்த்துச் சொல்லிவிடும். டீச்சரிடம் கேட்டிருக்கிறேன். பெரிய தட்டு ஒன்று வேண்டும் என்றார். வாங்கிக் கொடுக்கப் போகிறேன்.